வெல, விலுவ

சித்தூர்ச் சந்தையிலும் திருப்பதித் தெருக்களிலும் தமிழும் தெலுங்கும் ஒரே வாயில் புழங்குகின்றன. அங்குள்ள இருமொழியாளர்க்கு ஒரு வசதி உண்டு. பொருளுக்குக் கொடுக்கும் காசு தெலுங்கில் ‘வெல’. அதன் பெறுமானம் ‘விலுவ’. இரண்டும் தமிழ் ‘விலை’க்கு உறவான சொற்கள். மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுப்பவர் பூவையும் பிஞ்சையும் பார்த்து வெல பேசுகிறார். விலுவ தெரிய அறுவடை வரவேண்டும். காயத்திலிருந்து மீளும் வேகப்பந்து வீச்சாளருக்கு ஐபிஎல் ஏலத்தில் நடப்பதும் இதுவே.

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த த. நடராஜனின் விலைகளை வரிசையாகப் பார்க்கலாம். 2017இல் பஞ்சாப் கொடுத்தது 3 கோடி ரூபாய்; மறு ஆண்டு ஹைதராபாத் கொடுத்தது 40 லட்சம். 2020 பருவத்தில் 16 விக்கெட். தொடர்ந்து ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் அறிமுகம். 2021 ஏப்ரலில் முழங்காலில் அறுவை சிகிச்சை. அடுத்த ஏலத்தில் 4 கோடி. அந்த 4 கோடிக்கு 11 ஆட்டங்களில் 18 விக்கெட் கிடைத்தன. மலிவு என்றே சொல்ல வேண்டும். 2024 நவம்பரில் டெல்லி 10.75 கோடிக்கு வாங்கியது. 2025இல் அவர் ஆடியவை 2 ஆட்டங்கள். மிட்செல் ஸ்டார்க்கும் முகேஷ் குமாரும் இருந்த அணியில் இடம் எளிதாக இல்லை. ஆகவே மதிப்பு என்பது வீச்சாளரின் மூட்டைப் பற்றியது மட்டுமன்று. வாங்கும் அணியில் காலியிடம் உண்டா என்பதையும் பொறுத்தது. ஏலக் கூடத்தில் பேசப்படுவது பெரும்பாலும் மூட்டுதான்.

அதே ஏலத்தில் முகமது ஷமிக்கு 10 கோடி. கணுக்கால் அறுவை சிகிச்சைக்குப் பின் அவர் ரஞ்சி ஆட்டமொன்றில் 7 விக்கெட் எடுத்துச் சில நாள்களே ஆகியிருந்தன. அந்த ஆட்டம் கணுக்கால் சுமை தாங்கும் என்று காட்டியது. இரண்டு மாதம் தாங்கும் என்று காட்டவில்லை. ஒரே வாக்கியத்தைப் பதிவுசெய்து ஒரு மொழிக்கு இலக்கணம் எழுதுவது போன்ற துணிவு இது. 2025இல் 9 ஆட்டங்களில் 6 விக்கெட்.

அமெரிக்க பேஸ்பாலில் இக்கணக்கு இன்னும் கடுமையானது. 1974இல் முழங்கைத் தசைநார் மாற்றுச் சிகிச்சை பெற்ற டாமி ஜான், 1976இல் திரும்பி வந்து மேலும் 164 வெற்றிகள் பெற்றார். அச்சிகிச்சை இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. மீளாதவர்களின் பெயரால் எதுவும் வழங்குவதில்லை. டெக்சாஸ் அணி ஜேக்கப் டிகிராமுக்கு 5 ஆண்டுகளுக்கு 18.5 கோடி டாலர் உறுதியளித்தது. 2023இல் 6 ஆட்டங்களைத் தொடங்கியதோடு அவரும் அதே அறுவை சிகிச்சைக்குச் சென்றார். உறுதியளித்த பணத்தை அணி கொடுத்தே ஆகவேண்டும்.

ஐபிஎல்லில் அப்படியில்லை. பருவம் முடிந்ததும் அணி வீரரை விடுவிக்கலாம். காயத்தின் நட்டத்தில் பெரும்பகுதி அவர் தலையில் விழுகிறது. ஆகையால் இங்கே விலையைவிடக் கூர்ந்து பார்க்கவேண்டியது, யாரை எத்தனை காலம் வைத்திருக்கிறார்கள் என்பதை. 40 லட்சத்துக்கு வாங்கிய நடராஜனை ஹைதராபாத் 2018, 2019 இரு பருவங்களிலும் ஓர் ஆட்டத்திலும் இறக்கவில்லை, விடுவிக்கவும் இல்லை. 2020இன் 16 விக்கெட்டுகள் அதற்குப் பிறகு வந்தவை.