அவ்வாவின் ஓட்டு வீட்டுக்கே வந்தது!

"என்னடி இது, பீப் சத்தமே வரலையே?"

2024 ஏப்ரலில், ஓசூரில் எங்கள் வீட்டு ஹாலிலேயே ஓட்டுப் போட்டு முடித்ததும் அவ்வா கேட்ட கேள்வி இது. பாட்டியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். வயது 87. 85 வயதைத் தாண்டியவர்கள் வீட்டிலிருந்தே தபால் ஓட்டுப் போடலாம் என்பதால் 12டி படிவம் கொடுத்திருந்தோம். அலுவலர்கள், போலீஸ், வீடியோகிராபர் என்று பெண் பார்க்க வந்த மாதிரி ஒரு கூட்டம். அட்டை மறைப்புக்குப் பின்னால் பேனாவால் குறி போட்டு, மடித்து, கவருக்குள் வைத்து ஒட்டினார் அவ்வா. எட்டிப் பார்த்த அப்பாவை, "நீ அந்தப் பக்கம் போ" என்று விரட்டினார்.

மெஷின் என்றால் பீப் கேட்கும், விவிபாட் சீட்டு 7 விநாடி கண்ணில் தெரியும். தபாலில் அந்த நிம்மதி இல்லை. 2016-ல் ராதாபுரத்தில் அப்பாவு 49 ஓட்டில் தோற்றபோது, சான்றொப்பம் போட்டவர்களுக்கு அந்தத் தகுதி இல்லை என்று 203 தபால் ஓட்டுகளை ஒதுக்கியிருந்தார்கள். விவகாரம் கோர்ட்டு வரை போனது. அந்தப் பயத்தில் அவ்வாவின் உறுதிமொழிப் படிவத்தை மூன்று தடவை படித்தேன்.

வாசலில் நின்று வேடிக்கை பார்த்த பக்கத்து லைன் வீட்டு ஒடிசா பையன், "அக்கா, எனக்கும் வருவாங்களா?" என்றான். சிப்காட்டில் கான்ட்ராக்ட் வேலை.

"வரமாட்டாங்கப்பா. இங்கேயே பேரைச் சேர்த்துக்கலாமே?"

"அம்மா, நிலம், ரேஷன் கார்டு எல்லாம் ஊர்ல. ஓட்டு மட்டும் இங்க எதுக்கு?"

இவனைப் போன்றவர்களுக்காகவே 2022 டிசம்பரில் தேர்தல் ஆணையம் ஒரு மெஷினை அறிவித்தது. வேலை பார்க்கும் ஊரின் ஒரே பூத்திலிருந்து 72 தொகுதிகளுக்கு ஓட்டுப் போடலாம். அடுத்த மாதமே கட்சிகளைக் கூப்பிட்டார்கள், எதிர்க்கட்சிகள் ஏற்கவில்லை. சந்தேகமும் நியாயம்தான். ஒடிசா தொகுதிக்கு ஓசூர் பூத்தில் ஏஜென்ட்டாக யார் உட்காருவார்?

அப்படியானால் தபாலிலேயே அனுப்பிவிடலாமே என்று நானும் நினைத்தேன். ஆனால், பத்துப் பேர் தங்கும் அறைக்கு அந்தச் சீட்டு வந்தால்? அவ்வா அப்பாவை விரட்டினார். இவன் சூப்பர்வைசரை விரட்ட முடியுமா? தாமதமானாலும் பரவாயில்லை, இவனுக்கு மறைப்புள்ள பூத்தும் மெஷினும்தான் வேண்டும் என்பேன்.

ஜூன் 4, காலை 8 மணி. தபால் ஓட்டைத்தான் முதலில் எண்ணுவார்கள் என்று அவ்வா குளித்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். லைன் வீட்டில் பூட்டுத் தொங்கியது. அவன் முதல் ஷிப்டுக்குப் போயிருந்தான்.