சூசை

பேரன் என்றால் பெயரைத் தாங்குபவன் என்பார்கள் எங்கள் மணப்பாட்டில். தாத்தா சூசை, ஆகவே நானும் சூசை. முதுகலை இயற்பியல் பயில மைசூருக்கு வந்த முதல் நாளே அந்தப் பெயரைக் கழற்றி வைத்துவிட்டேன். "சூசையா? அது என்ன பெயர்?" என்று கன்னட நண்பர்கள் கேட்டுவிடுவார்களோ என்று கூசினேன். கேட்கும் முன்பே, "ஜோசப்" என்று கை குலுக்கினேன். ஓராண்டு இப்படியே கழிந்தது.

சென்ற திங்களில் ஒரு நாள் அப்பா சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். விடுதி வாயிலில் சூசையைக் கேட்டிருக்கிறார். காவலரோ ஜோசப்பை மட்டுமே அறிவார். அப்படி ஒருவரும் இல்லை என்று சொல்லிவிட்டார். என் கைப்பேசி பைக்குள் ஓசையின்றிக் கிடந்தது. மாலையில் ஆய்வுக்கூடத்திலிருந்து திரும்பினேன். கருவாட்டுப் பொட்டலத்தை மடியில் வைத்தபடி மரத்தடியில் அமர்ந்திருந்தார் அப்பா.

"இங்க சூசைன்னு யாரும் இல்லியாமே?" என்றார். குரலில் கோபமில்லை. அதுதான் என்னைச் சுட்டது.

அன்று மாலையே அவரைப் பேராலயத்துக்கு அழைத்துச் சென்றேன். 1933-இல் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் அடிக்கல் நாட்டிய ஆலயம் அது. பிலோமினா கோயில் என்றுதான் ஊரார் சொல்வர். ஆனால் அதன் முழுப்பெயர் புனித சூசையப்பர், புனித பிலோமினா பேராலயம். இரட்டைக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்த அப்பா, "நம்ம சூசையப்பர் இங்கயும் இருக்காரா!" என்று மகிழ்ந்தார். பேச்சுவழக்கில் மறைந்துபோன அந்தப் பெயரும், நான் மறைத்த பெயரும் ஒன்றே அல்லவா! தலை கவிழ்ந்து நின்றேன்.

அப்பா ஊர் திரும்பியபின் அந்தப் பெயரின் தடத்தைத் தேடினேன். எபிரேயத்தில் யோசேப்பு, 'பெருகச் செய்வார்' என்பது பொருள். அரபு மொழியில் யூசுப். போர்த்துகீசியரின் ஜோசே நம் முத்துக்குளித்துறையில் கரையேறிச் சூசை ஆயிற்று. கொங்கணியர் நாவில் ஜுஜே ஆயிற்று. இத்தாலியில் ஜுசெப்பே, செல்லமாகப் பெப்பே. சிசிலித் தீவில் பெப்பி, பிப்பினு! மார்ச் 19-ஆம் நாள், சூசையப்பர் திருநாளில், அத்தீவினர் அப்பங்களால் பீடம் அலங்கரித்து ஏழைகளுக்கு விருந்திடுவர். 1801 ஜனவரி முதல் நாள், அதே சிசிலியின் பலெர்மோ நகரிலிருந்து சீரிஸ் என்னும் குறுங்கோளைக் கண்டறிந்த வானியலாளர் ஜுசெப்பே பியாட்சி. பாடநூலில் பலமுறை படித்த பெயர்தான். அவரும் ஒரு சூசை என்பது அதுவரை தோன்றவில்லை!

இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவரோ, தேம்பாவணியின் தலைவனாம் இப்புனிதருக்கு, பெயரின் பொருளுணர்ந்து வளன் என்றே தமிழ்ப் பெயர் சூட்டினார்.

நண்பர்களே, ஜோசப் என்பதும் நல்ல பெயர்தான். ஆனால் அது என் தாத்தாவின் பெயரன்று. பெப்பி என்றழைக்கச் சிசிலியன் கூசுவதில்லை. ஜுஜே என்றழைக்கக் கொங்கணியன் கூசுவதில்லை. நான் மட்டும் ஏன் கூசினேன்?

மறுநாள் காலை வாயிற்காவலரிடம் சென்று, எனக்குத் தெரிந்த கன்னடத்தில், என் பெயர் சூசை என்றேன். இருமுறை சொல்லிப் பார்த்துச் சிரித்தார். இப்போது அவர்தான் விடுதியிலேயே அதை மிகச் சரியாக உச்சரிப்பவர்.