டம்ளரில் ஒரு விரற்கடை மண்

மண்ணை முட்ட முட்டத் திணித்து, வாயை இறுக்கிக் கட்டி, முதல் மூட்டையை அண்ணாச்சி முன்னால் பெருமையாகப் போட்டேன். காலால் ஓர் உதை விட்டார். உருண்டது.

"உருளுத மூட்டை கரைக்கு ஆகாதுலே. முக்காலுக்கும் கொறச்சலாப் போடு. மிதிச்சா தட்டையாப் படுக்கணும்."

தென்காசிக்குக் கிழக்கே, சிற்றாற்றுத் தண்ணீர் வரும் எங்கள் குளத்துக்கு முப்பது மழைக்காலமாக மடை பார்ப்பவர் அவர். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. அளவுக்குக் கொட்டித் தீர்த்ததே, அந்த வெள்ளத்தைப் பார்த்த பயத்தில்தான் அவரிடம் போய்ச் சேர்ந்தேன். கயிறு வீசி ஆளை இழுக்கக் கற்றுத்தருவார் என்று நினைப்பு. அவரோ கரையின் வெளிப்பக்கம், வயலோரமாக நடக்கச் சொன்னார்.

"எல்லாரும் தண்ணி நிக்க பக்கத்தையே பாப்பாவ. ஒடையப்போறது இந்தப் பக்கம்தான் தெரியும்."

இடுப்பில் ஓர் எவர்சில்வர் டம்ளர் எப்போதும் இருக்கும். கரையடியில் கசிகிற தண்ணீரை அதில் பிடித்துச் சற்று நேரம் அசையாமல் வைப்பார். தெளிவாக இருந்தால் போகட்டும். அடியில் மண் தங்கினால், கரைக்குள்ளிருந்து மண் அரித்து வருகிறது என்று அர்த்தம். ஒருமுறை அப்படி ஊறிய துவாரத்தில் மூட்டையை வைத்து அமுக்கினேன். இரண்டடி தள்ளிப் புதிதாகப் பீறிட்டது. அடைக்கக் கூடாதாம். சுற்றி மூட்டையை வட்டமாக அடுக்கினால் உள்ளே தண்ணீர் உயரும். அந்தப் பாரமே ஊற்றின் வேகத்தைக் குறைக்கும். தண்ணீரைத் தண்ணீரால் அமுக்குவது. எனக்குப் பிடிபட ஒரு மழைக்காலம் ஆனது.

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் பதினேழு வயதுப் பையனை அடித்துக்கொண்டு போனது. அடுத்த வாரம் என்னைச் சிற்றாற்றங்கரையில் உட்கார வைத்தார். மழை மலையில் பெய்யும். கீழே நிற்பவனுக்குத் தெரியாது. நிறம் மாறுகிறதா, சருகும் சுள்ளியும் திரண்டு வருகிறதா, பாறையில் வைத்த அடையாளம் முழுகுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சலிப்பான வேலைதான்.

அந்த ஆண்டு டிசம்பரில் குற்றால அருவிகள் பேய்போல் கொட்டிய இரவு. டார்ச் வெளிச்சத்தில் டம்ளரைக் காட்டினார். அடியில் ஒரு விரற்கடை மண்.

"மூட்டைய நான் பாத்துக்கிடுதேன். நீ தெருவுக்கு ஓடு."

1077-க்குத் தகவல் சொல்லிவிட்டுப் பள்ளத்தெருவில் கதவு கதவாகத் தட்டினேன். ரேஷன் கார்டையும் மாத்திரையையும் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு எல்லோரும் கிளம்ப, ஓர் ஆச்சி மட்டும் அசையவில்லை. கெஞ்சினேன், அதட்டினேன். பிறகுதான் அவள் கண் போன திக்கைப் பார்த்தேன். நான்கு ஆடுகளையும் அவிழ்த்து நடத்தினேன். எனக்கு முன்னால் நடந்தாள்.

விடியும்போது டம்ளரில் மண் குறைந்திருந்தது. எல்லோரும் தங்கிய பள்ளிக்கூடத்தில், சத்துணவு ஆயா வைத்திருந்த முருங்கைக் கன்றை ஆடு கடித்துவிட்டதாகச் சண்டை நடந்துகொண்டிருந்தது.