பாக்கி, கூலி, நன்றி

சென்ற தை மாதத்தில் ஒரு நாள், அஸர் தொழுகைக்குப் பின், நாங்கள் மூவர் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்துடன் அமர்ந்தோம். புரட்டாசியில் விதைத்த உளுந்தும் பாசியும் கரிசல் காட்டிலிருந்து வீடு வந்து சேர்ந்திருந்தன. வியாபாரிகளின் கையில் நான்கு காசு புழங்கும் காலம் அது. எங்கள் ஊர் ஹாக்கி அணிக்கு ஆண்டுதோறும் அப்போதுதான் நன்கொடை திரட்டுவோம். இவ்வாண்டு சேர்ந்தது 84,000 ரூபாய். அதைக் கொண்டு யாரை அணியில் வைத்துக்கொள்வது, யாருக்குப் படி கொடுப்பது, யாரை விடுவது என்று முடிவுசெய்ய வேண்டியிருந்தது.

வெளியூர் வாசகர்களுக்குக் கழுகுமலை என்றால் குன்றைக் குடைந்த வெட்டுவான் கோயில் நினைவுக்கு வரும். அருகிலுள்ள கோவில்பட்டி என்றால் கடலைமிட்டாயும் தீப்பெட்டியும் நினைவுக்கு வரும். இந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்கோ இது ஹாக்கி மண். கோவில்பட்டியில் செயற்கைப் புல்தரை மைதானம் இருக்கிறது. அகில இந்திய அணிகள் வந்து மோதும் லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைப் போட்டி நடக்கிறது. கோவில்பட்டியைச் சேர்ந்த மாரீஸ்வரன் சக்திவேல் 2022ஆம் ஆண்டு ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடினார். அந்த ஆட்டத்தைப் பார்த்த சிறுவர்கள் பலர் மறுநாளே மட்டை கேட்டு வீட்டில் அழுதார்கள். அப்படி வந்த பிள்ளைகளும், பழைய ஆட்டக்காரர்கள் சிலருமாகச் சேர்ந்ததே எங்கள் அணி. அதில் எல்லாச் சமுதாயத்தினரும் உண்டு. பெரிய பெயரெல்லாம் இல்லை. சென்ற இரண்டு பருவங்களிலும் போன போட்டிகளில் எல்லாம் முதல் சுற்றோடு திரும்பினோம். அணியை அடியிலிருந்து கட்டியெழுப்பியாக வேண்டும் என்பதில் மூவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

கணக்கு எளிதாகவே இருந்தது. எட்டு ஆட்டங்களுக்கு வேன் வாடகையும் சாப்பாடும் 24,000. கோல்கீப்பருக்குப் புதிய கவசங்கள் 20,000. மட்டைகளும் பந்துகளும் 10,000. எஞ்சியதில் ஆறு பேருக்கு மட்டும் ஆட்டத்துக்கு 500 ரூபாய் வீதம் படி கொடுக்கலாம், அது 24,000. கடைசியில் 6,000 ரூபாய் கையில் நிற்கும். அந்த ஆறு பேர் யார் என்பதில்தான் மஷூரா நீண்டது.

பின்களத்தில் ஆடும் ஒருவர் எங்களோடு பன்னிரண்டு ஆண்டுகள் இருக்கிறார். வயது முப்பத்தேழு. தீப்பெட்டி ஆலையில் வேலை. எங்கள் பையன்களில் பாதிப்பேருக்கு மட்டை பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். நாங்கள் எல்லோரும் அவரை ‘அண்ணன்’ என்றே அழைப்போம். ஆனால் ஓட்டம் குறைந்துவிட்டது. சென்ற பருவத்தில் எதிரணியின் இளைஞர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போய்த்தான் பல கோல்களை அடித்தார்கள். எங்களில் ஒருவர், “அவர் இல்லாமல் அணி ஏது?” என்றார். இன்னொருவர், “அவரை வைத்துக்கொண்டு அணி எங்கே தேறும்?” என்றார். மூன்றாமவர், “விளையாட வைக்க வேண்டாம், பெயரை மட்டும் பட்டியலில் விட்டுப் படியைக் கொடுத்துவிடுவோம்” என்றார். அது இரக்கமாகத் தோன்றியது. ஆனால் அந்த 4,000 ரூபாய், நாள் தவறாமல் அதிகாலையில் பயிற்சிக்கு வரும் ஒரு பதினேழு வயதுப் பையனுக்குச் சேர வேண்டியது. ஒருவன் உரிமையை எடுத்து இன்னொருவருக்கு இரக்கம் காட்ட எங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

இதே கேள்வி கோடிக்கணக்கில் விலை பேசும் இடத்திலும் எழுவதைத் தமிழகம் முழுதும் பார்த்தது. 2024 அக்டோபரில் சென்னை சூப்பர் கிங்ஸ் அணி ஐந்து பேரைத் தக்கவைத்தது. மொத்தம் 120 கோடியில், ருதுராஜுக்கும் ஜடேஜாவுக்கும் தலா 18 கோடி, பதிரானாவுக்கு 13, துபேக்கு 12, தோனிக்கு 4 என்று 65 கோடி அங்கேயே முடிந்தது. 2022இல் தோனியைத் தக்கவைத்த தொகை 12 கோடி. ஐந்தாண்டுகள் சர்வதேச ஆட்டம் ஆடாத இந்திய வீரரைக் குறைந்த தொகைக்குத் தக்கவைக்கலாம் என்ற விதியின்கீழ் இம்முறை 4 கோடிக்கு இருந்தார். மூத்தவர் ஒருவர் குறைந்த கூலிக்கு இருக்கும்போது இளையவர்களுக்கு அந்த இடம் திறக்கிறது. ஆயினும் 2025 பருவத்தில் அந்த அணி 14 ஆட்டங்களில் நான்கில் மட்டும் வென்று, தன் வரலாற்றில் முதன்முறையாகக் கடைசி இடத்தில் முடிந்தது.

அதன்பிறகு வந்தது பெரிய மாற்றம். பன்னிரண்டு பருவங்கள் சென்னைக்கு ஆடியவர் ஜடேஜா. 2023 இறுதியாட்டத்தின் கடைசி இரண்டு பந்துகளில் ஆறும் நான்கும் அடித்துக் கோப்பையைக் கொண்டுவந்தவரும் அவரே. 2025 நவம்பரில் அவரையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்கு அனுப்பி, சஞ்சு சாம்சனை அணி பெற்றுக்கொண்டது. பதிரானாவை விடுவித்தது, அவரைக் கொல்கத்தா 18 கோடிக்கு எடுத்தது. டிசம்பர் ஏலத்தில் பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்னும் இரண்டு இளைஞர்களுக்குத் தலா 14.20 கோடி கொடுத்தது. சரியா தவறா என்று எங்கள் ஊர்த் தேநீர்க் கடைகளில் நாள்கணக்கில் வாதம் நடந்தது. நாங்களும் அதில் உரக்கப் பேசினோம். பிறர் வீட்டுக் கணக்கைத் தீர்ப்பது எவ்வளவு எளிது என்பது, எங்கள் நோட்டைத் திறந்தபோதுதான் விளங்கிற்று.

யாரை வேலைக்கு அமர்த்துவது என்பதற்குத் திருக்குர்ஆனில், அல்கஸஸ் அத்தியாயத்தில், ஓர் அளவுகோல் இருக்கிறது. மத்யனில் ஆடுகளுக்குத் தண்ணீர் புகட்ட உதவிய மூஸா நபியைப் (அலை) பணிக்கு அமர்த்துமாறு அப்பெரியவரின் மகள் தந்தையிடம் பரிந்துரைக்கிறாள். வலிமையும் நம்பகமும் உடையவரே பணிக்குச் சிறந்தவர் என்பது அவள் சொன்ன காரணம். ஒன்று மட்டும் இருந்தால் போதாது. அந்தப் பெரியவர் போட்ட ஒப்பந்தமும் கவனிக்கத்தக்கது. எட்டு ஆண்டுகள் கடமை. பத்தாக நிறைவுசெய்தால் அது மூஸாவின் விருப்பம். உம்மைச் சிரமப்படுத்த நான் நாடவில்லை என்ற உறுதியும் உடன் இருந்தது. தவணை தெளிவு, கூலி தெளிவு, இரு பக்கமும் மறைவு இல்லை.

அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தபோது சில பெயர்கள் தாமாகவே இடம் மாறின. எங்களில் மிக வேகமான முன்கள ஆட்டக்காரன் இரட்டிப்புப் படி கேட்டிருந்தான். சென்ற ஆண்டு எங்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, போட்டி நாளன்று வேறோர் அணியின் வேனில் ஏறிப் போனவன் அவன். வலிமை இருந்தது, நம்பகம் இல்லை. அவனுக்குப் படி இல்லை என்று முடிவுசெய்தோம். அண்ணனிடம் நம்பகம் மலையளவு, வலிமை கரைந்துவிட்டது. கனத்த மனத்தோடு அவர் பெயரையும் எடுத்தோம். பதினேழு வயதுப் பையனின் பெயரை எழுதினோம்.

முடிவில் தவறு இல்லை என்றே இன்றும் நம்புகிறோம். தவறு அதன்பின் நேர்ந்தது. அண்ணனிடம் யார் சொல்வது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் போகலாம் என்றோம். பிறகு அடுத்த வெள்ளி என்றோம். அதற்குள் தேநீர்க் கடையில் ஒரு பையன், “அண்ணே, இந்த வருஷம் உங்க இடத்துல நான்தானாம்” என்று அவரிடமே சொல்லிவிட்டான். அவர் தேநீரை முழுதும் குடித்துவிட்டு, பையனின் தோளைத் தட்டிவிட்டுப் போனாராம்.

அன்றிரவு எங்களுக்கு உறக்கம் பிடிக்கவில்லை. அபூதர் (ரலி) அவர்கள் தமக்கு ஒரு பொறுப்பு வழங்குமாறு கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் செய்ததை முஸ்லிம் ஹதீஸ் நூலில் காண்கிறோம். தோளில் கையால் தட்டி, அவர் பலவீனர் என்பதையும் அப்பொறுப்பு ஓர் அமானத் என்பதையும் அவர் முகத்துக்கு நேரே உரைத்தார்கள். மறுப்பு இருந்தது, மறைப்பு இல்லை. தோளில் கை இருந்தது. எங்களுக்கு அந்த இரண்டும் வாய்க்கவில்லை. தோளைத் தட்டியவர் அண்ணன்தான்.

போகுமுன் பழைய கணக்கைப் புரட்டினோம். அங்கேதான் தலை குனிய நேர்ந்தது. 2022 பருவத்தில் பணம் போதாமல், அண்ணனுக்கு ஏழு ஆட்டங்களின் படியை, அடுத்த மாதம் தருவதாகச் சொல்லி நிறுத்தியிருந்தோம். ஆட்டத்துக்கு 300 வீதம் 2,100 ரூபாய். அவர் கேட்கவே இல்லை; நாங்கள் கொடுக்கவே இல்லை. தொழிலாளியின் வியர்வை உலருமுன் கூலி கொடுப்பதைப் பற்றி மிம்பரிலிருந்து எத்தனை முறை கேட்டிருப்போம்! எங்கள் விஷயத்தில் வியர்வை உலர்ந்து மூன்று கோடைகள் கடந்திருந்தன. அவருக்கு எப்படி நன்றி செலுத்துவது என்று மணிக்கணக்கில் பேசிய நாங்கள், அவருக்குக் கடன்பட்டிருந்தோம்.

மறுநாள் இஷாவுக்குப் பின் அவர் வீட்டுக்குச் சென்றோம். பாக்கியை முதலில் கையில் வைத்தோம். பிறகு முடிவைச் சொன்னோம். சொல்லத் தாமதித்ததற்கு மன்னிப்புக் கேட்டோம். அவர் பணத்தை எண்ணாமல் மடித்து வைத்துக்கொண்டார். “பாய், என் காலு எனக்குத் தெரியாதா? நீங்க வர வேண்டாம்னு சொன்னதுல வருத்தம் இல்ல. நீங்க வந்து சொல்லலியேன்னுதான்” என்றார். சற்று நேரம் கழித்து அவரே கேட்டார்: “ஞாயித்துக்கிழமை காலையில வந்து பசங்களுக்கு பெனால்டி கார்னர் தடுக்கச் சொல்லித் தரட்டுமா?”

மகிழ்ச்சியில் உடனே தலையாட்டினோம். வீதியில் இறங்கிய பிறகுதான் உறைத்தது: மறுபடியும் அவர் உழைப்பை இலவசமாக வாங்கிக்கொண்டு, அதற்கு அன்பு என்று பெயர் சூட்டப் பார்க்கிறோம். கற்றுக்கொடுப்பதும் வேலைதான். அதற்கு வேண்டிய வலிமை அவரிடம் இருக்கிறது. நம்பகத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கையில் நின்ற 6,000 ரூபாயை, மாதம் 1,000 வீதம் ஆறு மாதத்துக்கு அவருக்குப் பயிற்சிக் கூலியாக எழுதினோம். தவணையையும் தொகையையும் அவரிடம் தெளிவாகச் சொன்னோம்.

உலகில் வேறொரு விளையாட்டிலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்கக் கூடைப்பந்தில் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணிக்கு 1994, 1995 ஆகிய இரு ஆண்டுகளும் கோப்பை பெற்றுத் தந்தவர் நைஜீரியாவில் பிறந்த ஹக்கீம் ஒலாஜுவான். ரமளானில் நோன்பு நோற்றபடியே ஆடியவர் அவர். பதினேழு பருவங்களுக்குப் பின், 2001இல், முப்பத்தெட்டு வயதில் அவர் டொரண்டோவுக்கு மாற்றப்பட்டார். மறு ஆண்டு ஹூஸ்டன், யாவ் மிங் என்னும் சீன இளைஞரைத் தேர்ந்து புதிய அணியைக் கட்டத் தொடங்கியது. அதே 2002இல் ஓய்வுபெற்ற ஒலாஜுவானின் 34ஆம் எண் சட்டையை இனி யாருக்கும் தருவதில்லை என்று அறிவித்துக் கௌரவித்தது. அணியில் இடம் முடிந்தது, நன்றி முடியவில்லை.

உமர் (ரலி) அவர்கள், முதுமையில் கையேந்தி நின்ற முஸ்லிமல்லாத குடிமகன் ஒருவரைக் கண்டு, இளமையில் அவரிடம் வரி வாங்கிவிட்டு முதுமையில் கைவிடுவது நீதியாகாது என வருந்திப் பொதுநிதியிலிருந்து உதவிக்கு ஏற்பாடு செய்ததை அபூயூசுஃபின் ‘கிதாபுல் கராஜ்’ பதிவுசெய்கிறது. அண்ணன் யாரிடமும் கையேந்துபவர் அல்லர். ஆயினும் அவருடைய இளமையை உண்டு வளர்ந்தது எங்கள் அணி.

கடை வைத்திருப்போருக்கும், ஆள் வைத்து வேலை வாங்குவோருக்கும், பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்போருக்கும் நாங்கள் கற்றதைச் சொல்லிவைக்கிறோம். பாக்கி, கூலி, நன்றி என்பன மூன்று தனித்தனிக் கணக்குகள். பாக்கியை முதலில் தீர்க்க வேண்டும். கூலியை இன்றைய வேலைக்கு, இன்றைய வலிமையையும் நம்பகத்தையும் பார்த்துக் கொடுக்க வேண்டும். நன்றியை நம் சொந்தக் கையிலிருந்து, ஆயுள் முழுதும் செலுத்த வேண்டும். ஒன்றின் பணத்தில் இன்னொன்றை அடைக்க முயன்றால், மூன்றிலும் நாம் கடனாளி ஆகிவிடுவோம்.

இப்போது ஞாயிறு காலைகளில் ஃபஜ்ருக்குப் பின் மைதானத்துக்குச் சென்றால், அண்ணனின் குரல்தான் முதலில் கேட்கிறது. அவருடைய இடத்தில் ஆடும் அந்தப் பையனைத்தான் அதிகம் அதட்டுகிறார். ஒப்படைக்கப்பட்டதை உரியவரிடம் சேர்க்கும் கூட்டத்தில் அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக. ஆமீன்.