இண்டியானாபொலிஸும் அஞ்சு ட்ரம்மும்

முதல்ல உச்சரிப்புப் பிரச்சினையை முடிச்சுடுவோம் மக்களே. இந்தப் பதிவு 'ட்ரம் கோர்' பத்தி. ஆங்கிலத்துல எழுதும்போது கடைசியில ரெண்டு எழுத்து கூட வரும், ஆனா வாயில வரக்கூடாது. அதையும் சேர்த்து வாசிச்சா பொணம்னு அர்த்தமாயிடும். ஆபீஸ்ல நான் அப்படித்தான் வாசிச்சு வெச்சேன், டீமே திரும்பிப் பார்த்துச்சு :-)

2024 ஆகஸ்ட் 10, சனிக்கிழமை. இண்டியானாபொலிஸ் லூக்காஸ் ஆயில் ஸ்டேடியத்துல டி.சி.ஐ. உலக சாம்பியன்ஷிப் ஃபைனல்ஸ். டி.சி.ஐ.ன்னா ட்ரம் கோர்ஸ் இன்டர்நேஷனல். என் டீம்ல ஒரு அமெரிக்க நண்பன் இருக்கான். என்னைவிட மூணு வயசு சின்னவன், ஆனா கோட் ரிவ்யூன்னு வந்துட்டா வாத்தியார். அவன்தான் டிக்கெட் போட்டு இழுத்துட்டுப் போனான். சிகாகோவுலேர்ந்து மூணு மணி நேர டிரைவ். டைம் ஸோன் மாறுறதால வழியிலயே ஒரு மணி நேரம் காணாமப் போயிடும்.

"பேண்ட் வாத்தியப் போட்டிதானே?"ன்னு கேட்டேன். அவன் ஒண்ணும் சொல்லலை, சிரிச்சான். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் சாயந்திரம்தான் புரிஞ்சுது.

சரி, மேட்டருக்கு வருவோம். ட்ரம் கோர்னா என்ன? ஒரு அமெரிக்க ஃபுட்பால் மைதானம். அதுல நூத்தைம்பதுக்கும் மேல பசங்க, பொண்ணுங்க. பாதிப்பேர் கையில ட்ரம்பெட், மெல்லஃபோன், யூஃபோனியம், ட்யூபான்னு பித்தளை வாத்தியங்கள். கிளாரினெட், ஃப்ளூட் எதுவும் கிடையாது. அப்புறம் ட்ரம்ஸ். முன்னாடி கோட்டோரமா மரிம்பா, வைப்ரஃபோன், சின்தசைசர் எல்லாம் நிறுத்தி வெச்சிருப்பாங்க. கூடவே கொடி, மரத் துப்பாக்கி, வாள்னு தூக்கிப்போட்டுப் பிடிச்சு ஆடுற கலர் கார்ட். வாசிச்சுக்கிட்டே ஓடணும், ஆடணும், படுத்து எழுந்திருக்கணும். மொத்தம் பதினோரு பன்னிரண்டு நிமிஷம். அந்தப் பன்னிரண்டு நிமிஷத்துக்காக ஒரு முழு கோடைக்காலம்.

மே கடைசியில எங்கேயாவது ஒரு ஊர்ல போய்த் தங்குவாங்க. ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வெயில்ல பயிற்சி. ஜூன் கடைசியிலேர்ந்து ஊர் ஊரா பஸ்ஸுல பயணம். ராத்திரி பஸ்ஸுல தூக்கம், மிச்சத் தூக்கம் ஏதாவது ஸ்கூல் ஜிம் தரையில. சாப்பாடு ஒரு லாரிக்குள்ள இருக்கிற சமையலறையிலேர்ந்து, சமைக்கிறது பெரும்பாலும் தன்னார்வலர்கள். இதுக்குச் சம்பளம் எவ்வளவுன்னு கேட்டேன். சம்பளமா? பசங்கதான் ஆயிரக்கணக்குல டாலர் கட்டிச் சேரணுமாம். பரிசுப்பணம் அது இதுன்னு எதுவும் கையில வராது.

அதைவிட முக்கியமான விதி வயசு. 21, 22 வயசோட கதை முடிஞ்சுது. எவ்வளவு பெரிய வித்வானா இருந்தாலும் வெளியே போயிடணும். இதுக்கு 'ஏஜ் அவுட்'னு பேர். இந்த வார்த்தையை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

முதல் டி.சி.ஐ. சாம்பியன்ஷிப் 1972ல விஸ்கான்சின் மாநிலத்துல வொய்ட்வாட்டர்ங்கிற ஊர்ல நடந்துச்சு. கலிஃபோர்னியாவோட அனஹெய்ம் கிங்ஸ்மென் ஜெயிச்சாங்க. 2009லேர்ந்து இண்டியானாபொலிஸ்தான் இவங்களுக்கு நிரந்தர வீடு மாதிரி. வியாழன் முதல் சுற்று, வெள்ளி அரையிறுதி, சனிக்கிழமை பன்னிரண்டு குழுக்களோட ஃபைனல்ஸ்.

நாங்க நேரா ஸ்டேடியத்துக்குள்ள போகலை. 'லாட்'டுக்குப் போனோம். மேடை ஏறுறதுக்கு முன்னாடி ட்ரம் வாசிக்கிறவங்க பார்க்கிங் லாட்லயும் புல்வெளியிலயும் நின்னு கையைப் பழக்குவாங்க. சுத்தி ரசிகர்கள் கூட்டம், கை நீட்டினா தொட்டுடற தூரம். ஸ்னேர் ட்ரம் எட்டு பத்து பேர் ஒரே வரிசையில. கண்ணை மூடினா ஒரே ஆள் வாசிக்கிற மாதிரி இருக்கு. மிகைப்படுத்தலைங்க. குச்சி தூக்குற உயரம்கூட எல்லாருக்கும் ஒண்ணு. ட்ரம்மோட தோலை அவ்வளவு இறுக்கிக் கட்டியிருக்கறதால ஒவ்வொரு அடியும் தேங்காய் உடைக்கிற மாதிரி 'டக்'னு விழுது. எங்க ஊர் கோயில்ல தவில் தனி கேட்டு வளர்ந்த காது இது. தவில்ல ஒரு மனுஷன் தன் மனசுல அந்த நேரம் தோணறதை வாசிப்பார், அடுத்து என்ன வரும்னு தெரியாது. இங்க ஒருத்தருக்கும் எதுவும் தோணக்கூடாது. எல்லாமே எழுதி வெச்சது. 'இதுல என்னய்யா கலை இருக்கு'ன்னு உள்ளுக்குள்ள ஒரு முணுமுணுப்பு இருந்தது உண்மை.

அப்ப நண்பன் பாஸ் ட்ரம் பக்கம் திருப்பி நிறுத்தினான். அஞ்சு பேர், அஞ்சு அளவு ட்ரம். சின்னதுலேர்ந்து பெருசு வரைக்கும் ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஸ்ருதி. ஒரு வேகமான சொற்கட்டை அஞ்சு துண்டா வெட்டி ஆளுக்கு ஒண்ணு ரெண்டு அடியா பிரிச்சுக் கொடுத்துருவாங்க. த-க-தி-மி-தன்னு நாம ஒரே வாயால சொல்றதை அஞ்சு பேர் ஆளுக்கொரு எழுத்தா சொல்லிப் பாருங்க, கஷ்டம் புரியும். ஒருத்தர் இம்மி முந்தினாலும் வார்த்தையே உடைஞ்சுடும். தன்னோட அடியை மட்டும் தெரிஞ்சு வெச்சுக்கிட்டா பத்தாது. மத்த நாலு பேரோட அடியும் தனக்குள்ள ஓடணும்.

"நான் நாலாவது ட்ரம்"னான். 2018, 2019 ரெண்டு வருஷம் வாசிச்சிருக்கான். அதுக்கு மேல எதுவும் சொல்லலை, நானும் கேட்கலை.

உள்ளே போனோம். இனிமே கொஞ்சம் இஞ்சினியர் புத்தி, பொறுத்துக்கோங்க. நெட்வொர்க்ல வேலை பார்க்கிறவங்களுக்கு லேட்டன்சின்னா வயித்தெரிச்சல். இந்த மைதானத்துலயும் அதே பிரச்சினைதான். ஒலி ஒரு நொடியில 340 மீட்டர் சுமார் போகும். மைதானத்தோட நீளம் 100 கெஜம், அதாவது 91 மீட்டர். இந்தக் கோடியில அடிச்ச அடி அந்தக் கோடிக்குப் போய்ச்சேர கால் நொடிக்கும் மேல ஆகும். நிமிஷத்துக்கு 180 தாளம்ங்கிற வேகத்துல, கால் நொடிங்கறது முக்கால் தாளம். அகலவாட்டுல, பின்கோட்டுலேர்ந்து முன்கோட்டுக்கே ஏறக்குறைய 50 மீட்டர். எல்லாரும் காதுல விழறதை நம்பி வாசிச்சா கச்சேரி கந்தல்.

தீர்வு என்ன தெரியுமா? ட்ரம் மேஜர் (நடத்துனர்) கை அசைக்கிறாரே, அவர் பல நேரம் ட்ரம் வரிசையோட கால்களைப் பார்த்துத்தான் அசைக்கிறார். காதால கேட்டா லேட், கண்ணால பார்த்தா லேட் இல்லை! முன்னாடி மரிம்பா வாசிக்கிறவங்க நடத்துனரைப் பார்க்கறதைவிட, பின்னாடியிலேர்ந்து வர்ற சத்தம் தங்களை வந்து தொடுற கணத்துல அதோட சேர்ந்து வாசிக்கிறாங்க. பின்னாடி கிளம்பின அலை முன்னாடி வர வர, வழியில இருக்கிறவங்க அதுல ஏறிக்கிறாங்க. கடைசியில எல்லாம் ஒண்ணா நம்ம காதுக்கு வருது. மைதானத்துல அவங்க ஒரே நேரத்துல வாசிக்கலை, நாம ஒரே நேரத்துல கேட்கணும்னு வாசிக்கிறாங்க. இதைப் புரிஞ்சுக்கிட்டதும் மேல சொன்ன முணுமுணுப்பு அடங்கிடுச்சு. தனக்கு எப்படிக் கேட்குதுங்கறதையே விட்டுக்கொடுத்து வாசிக்கிறதைக் கலை இல்லைன்னு எப்படிச் சொல்றது?

நிகழ்ச்சிக்கு வர்றேன். சான்டா கிளாரா வேன்கார்ட்னு ஒரு குழு. 2018ல சாம்பியன். பண நெருக்கடியால 2023ல களத்துக்கே வரலை. 2024ல திரும்பி வந்தாங்க. எங்களுக்குப் பின்வரிசையில இருந்த ஒரு தாத்தா அவங்க பேரைச் சொன்னாலே எழுந்து நின்னார். இன்னொரு பக்கம் கேடட்ஸ். 1934ல ஆரம்பிச்ச குழு, பத்து டி.சி.ஐ. பட்டம். வழக்குச் செலவும் நிதிப் பிரச்சினையும் சேர்ந்து 2024 ஏப்ரல்ல இழுத்து மூடிட்டாங்க. வழக்கு சாதாரண வழக்கும் இல்லை, 1980கள்ல நடந்ததாச் சொல்லப்பட்ட பாலியல் கொடுமை பத்தினது. அதனால வருத்தப்படறவங்களும் முழுசா வருத்தப்பட முடியாம பேசினாங்க. 'பசங்க என்ன பண்ணினாங்க பாவம்'னும் சொன்னாங்க, 'பாதிக்கப்பட்டவங்களும் அன்னைக்குப் பசங்கதானே'ன்னும் சொன்னாங்க. ரெண்டும் சரிதான்.

பித்தளை வாத்தியம் எல்லாம் ஒரே சமயத்துல நம்ம பக்கம் திரும்பி முழு மூச்சுல ஊதுற ஒரு இடம் எல்லா ஷோவுலயும் வரும். வீடியோவுல எத்தனை தடவை பார்த்தாலும் அது வராது. நேர்ல அது சத்தமே இல்லைங்க. நெஞ்செலும்புல யாரோ உள்ளங்கையை வெச்சுத் தள்ளுற மாதிரி ஒரு அழுத்தம். ஸ்டேடியத்துக்குக் கூரை வேற இருக்கு, எதிரொலி வந்து பின்மண்டையில ஒரு தட்டு தட்டும். எனக்கு ரெண்டாவது குழுவுலேயே கண்ணுல தண்ணி. ஏன்னு கேட்டா தெரியாது.

மார்க் விஷயம். மொத்தம் 100. பொதுவான தாக்கத்துக்கு 40, காட்சிக்கு 30, இசைக்கு 30. எட்டு தலைப்புல நடுவர்கள் மார்க் போட்டு, சராசரி எடுத்து, புள்ளிக்கு அப்புறம் மூணு இலக்கம் வரைக்கும் போகும். 2014ல ப்ளூ டெவில்ஸ் வாங்கின 99.65தான் சாதனை. அதே ப்ளூ டெவில்ஸ் 2023 வரைக்கும் 21 பட்டம் வாங்கியிருந்தாங்க, கடைசி ரெண்டு வருஷமும் அவங்கதான். 2024ல மூணாவது தடவையும் தொடர்ந்து அடிப்பாங்களாங்கறதுதான் கேள்வி. அடிக்கலை. ஒஹையோ மாநிலம் கேன்டன் ஊரைச் சேர்ந்த ப்ளூகோட்ஸ் 98.75 வாங்கி ஜெயிச்சாங்க. ஷோ பேரே 'சேஞ்ச் இஸ் எவ்ரிதிங்'. 2016க்கு அப்புறம் அவங்களுக்கு ரெண்டாவது பட்டம். 12ம் இடத்துலேர்ந்து ஒவ்வொண்ணா மார்க் சொல்லச் சொல்ல, பரீட்சை ரிசல்ட் அன்னைக்கு நோட்டீஸ் போர்டு முன்னாடி நின்ன பயம் எனக்கு. எந்தக் குழுவுக்கும் நான் மாமனும் இல்லை மச்சானும் இல்லை, இருந்தாலும்!

நண்பன் ஸ்கோரை அவ்வளவாக் கண்டுக்கலை. சில பசங்க நகராம அப்படியே நின்னுட்டு இருந்தாங்க, அவங்களையே பார்த்துட்டு இருந்தான். "ஏஜ் அவுட்"னான். அன்னைக்கு ராத்திரியோட முடிஞ்சுபோனவங்க. ஒருத்தரை ஒருத்தர் கட்டிப்பிடிச்சு அழுதுட்டு இருந்தாங்க.

அப்பதான் சொன்னான். 2020தான் அவனோட கடைசி வருஷமா இருந்திருக்கணும். குழுவுல இடம் உறுதியாயிடுச்சு. குளிர்காலப் பயிற்சி முகாமுக்கும் போயிட்டு வந்தாச்சு. கோவிட் வந்து அந்த சீசன் மொத்தமும் ரத்து. 2021ல போட்டி இல்லாம, ஸ்கோர் இல்லாம சின்னதா நடத்தினாங்க. அதுக்குள்ள இவன் வேலைக்குச் சேர்ந்துட்டான். எங்க டீம்லதான். "2019 ஃபைனல்ஸ்ல வாசிச்சு முடிச்சப்ப அதுதான் கடைசின்னு எனக்குத் தெரியாது. சாதாரணமா ட்ரம்மைக் கழட்டி வெச்சுட்டு சாப்பிடப் போயிட்டேன்"னான்.

என்ன பதில் சொல்றதுன்னு தெரியலை. உலகத்துல அந்த வருஷம் எவ்வளவோ பேருக்கு எவ்வளவோ போச்சு, உயிரே போச்சு. ஒரு ட்ரம் சீசன் பெரிய விஷயமான்னு கேட்டா இல்லைன்னு அவனே சொல்வான். ஆனா அன்னைக்கு சாயந்திரம் பூரா நான் பார்த்தது என்ன? இதுதான் கடைசின்னு தெரிஞ்சு வாசிக்கிற பசங்களை. நாளைக்குப் பயிற்சி கிடையாது, திருத்திக்க அடுத்த ஊர் கிடையாது, அதனால எதையும் மிச்சம் வைக்காம வாசிக்கிற வாசிப்பை. அந்த ஒரு ராத்திரி அவனுக்குக் கிடைக்கலை. நமக்கும் எத்தனையோ 'கடைசி' இப்படித்தான் சொல்லாமக் கொள்ளாமப் போயிருக்கும். காலேஜ்ல கடைசியா கிரிக்கெட் ஆடின நாள் எனக்கு ஞாபகமே இல்லை. இந்தப் பசங்களுக்குத் தேதி, நேரம், மைதானம், மார்க் எல்லாம் தெரியும். அது கொடுமைன்னு முதல்ல நினைச்சேன். இப்ப கொடுப்பினைன்னு தோணுது.

2025ல பாஸ்டன் க்ரூசேடர்ஸ் ஜெயிச்சாங்க. 1940ல ஆரம்பிச்ச குழு, அதுக்கு முன்னாடி டி.சி.ஐ. பட்டம் வாங்கினதே இல்லை. 85 வருஷம். இதுக்குள்ள எத்தனை ஆயிரம் பேர் ஜெயிக்காமலே ஏஜ் அவுட் ஆகியிருப்பாங்க, யோசிச்சுப் பாருங்க. அவங்களும் அதே மாதிரி வெயில்ல நின்னவங்கதான். செய்தி வந்ததும் நண்பன் ஆபீஸ் சாட்ல அஞ்சு ட்ரம் படம் மட்டும் அனுப்பினான். வேற ஒரு வார்த்தை இல்லை.

அமெரிக்காவுல இருக்கிற மக்கள் இண்டியானாபொலிஸ் வரைக்கும் போக முடியலைன்னா, ஜூலையில டெக்சாஸ் பக்கம், அட்லாண்டா, பென்சில்வேனியான்னு ஷோ வரும், பக்கத்துல எதுன்னு பார்த்துக்கோங்க. கொஞ்சம் சீக்கிரமாவே போய் லாட்ல நில்லுங்க. அஞ்சு பாஸ் ட்ரம்முக்கு முன்னாடி நின்னு நாலாவது ஆளை மட்டும் பாருங்க. அவர் அடிக்காம சும்மா இருக்கிற நேரத்துல உதடு அசையும். மத்த நாலு பேரோட அடியையும் அவர் வாய்க்குள்ள சொல்லிட்டு இருப்பார்.