கரண்ட் குக்கரில் கடலைப் பூரண ஆப்பிள்

எங்க கீரனூர்ப் பக்கம் ஆப்பிள் என்றால் இன்னமும் அது ஆஸ்பத்திரிப் பழம்தான். யாராவது படுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டால், பார்க்கப் போகிறவர்கள் நாலு ஆப்பிளைப் பையில் போட்டுக்கொண்டு போவார்கள். சும்மா இருக்கும்போது யாரும் வாங்கித் தின்பதில்லை. கொய்யா, சீத்தா, பலா இருக்கிற ஊரில் அதற்கு என்ன வேலை?

போன மாதம் ஆத்தாவுக்குக் காய்ச்சல் வந்து எழுந்தபோது வீட்டில் இருபது ஆப்பிளுக்கு மேல் சேர்ந்துவிட்டது. ஆத்தாவுக்கு வயது 76. முன்பல்லே நாலுதான் பாக்கி. கடிக்க முடியாது. மிக்ஸியில் அடித்துக் கொடுத்தால், "பச்சப் புள்ளைக்கு ஊட்டுற மாதிரி ஊட்டாதப்பா" என்று தம்ளரைத் தள்ளி வைத்துவிடும். "ஆட்டுக்குப் போடு, அதாவது திங்கட்டும்" என்றது. காய்ச்சலுக்குப் பிறகு கஞ்சியைத் தவிர வேறு எதுவும் இறங்கவில்லை. உடம்பு பாதியாகிவிட்டது.

இதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. ஆத்தாவுக்குக் காது மந்தம். குக்கர் விசில் கேட்பதில்லை. மோட்டாருக்கு மும்முனைக் கரண்ட் வரும் நேரத்தில் நான் வயலில் நிற்க வேண்டும். அப்படி ஒருநாள் திரும்பி வந்து பார்த்தால் பருப்பு கரிந்து வீடெல்லாம் புகை. ஆத்தா திண்ணையில் உட்கார்ந்து கடலை உடைத்துக்கொண்டிருக்கிறது. சென்னையில் இருக்கும் என் தங்கச்சி போனில் அழுதது. "அண்ணே, அம்மாவை இங்க அனுப்பிடு" என்றது. ஆத்தா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டது: "அடுப்பப் பத்த வைக்காத வீட்டுல நான் எதுக்கு?" அதற்கு இரண்டு பொருள். சென்னையில் சும்மா உட்கார மாட்டேன் என்பது ஒன்று. இங்கேயும் சமைக்காமல் இருக்க மாட்டேன் என்பது இன்னொன்று.

தங்கச்சிதான் கரண்ட் குக்கரை வாங்கி அனுப்பியது. இதில் விசில் எண்ணும் வேலை கிடையாது. மூடியில் ஒரு சின்ன ஊசி இருக்கிறது. உள்ளே ஆவி சேர்ந்ததும் அது மேலே எழும்பி மூடியைப் பூட்டிக்கொள்ளும். அழுத்தம் போதுமானதும் மெஷினே கரண்டை விட்டு விட்டு எடுத்து அதே அளவில் நிறுத்தும். குறித்த நேரம் முடிந்ததும் தானாகவே வேகவைப்பதை நிறுத்திவிடும். மறந்து போனாலும் கரியாது. நம் கேஸ் அடுப்புக் குக்கரில் உள்ளே 120 டிகிரி வரை சூடு ஏறும். இந்த மாதிரிப் பெரும்பாலான கரண்ட் குக்கரில் அழுத்தம் கொஞ்சம் குறைவு, 115 டிகிரியை ஒட்டி நிற்கும். அதனால் பருப்புக்கு இரண்டு மூன்று நிமிடம் கூட வைக்க வேண்டியிருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அதோடு வந்த புத்தகத்தில் ஒரு படம். முழு ஆப்பிளை நடுவில் குடைந்து, பூரணம் வைத்து, 'சுட்ட ஆப்பிள்' என்று போட்டிருந்தார்கள். வெள்ளைக்காரர்கள் அதை அடுப்புப் பெட்டியில் வைத்துச் சுடுவார்கள். குக்கரில் வைத்தால் அது சுட்டது ஆகாது, அவித்தது. சாம்பலில் சுட்ட கிழங்குக்கும் பானையில் அவித்த கிழங்குக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் எங்க ஊரில் இல்லை. ஈரம் இருக்கிற இடத்தில் மேல் தோல் சிவக்காது. சுட்ட வாசம் வேண்டும் என்றால், வெந்த ஆப்பிளை நெய் விட்ட தோசைக்கல்லில் ஒரு நிமிடம் நிறுத்தி எடுக்க வேண்டும்.

செய்முறை இதுதான். நாலு ஆப்பிள். காம்புப் பக்கம் இருந்து கத்தியால் குடைந்து விதையை எடுக்க வேண்டும். அடியில் ஓட்டை விழக்கூடாது, விழுந்தால் பாகு எல்லாம் ஒழுகிவிடும். மேல் ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குத் தோலைச் சீவிவிட்டால் வேகும்போது வெடிக்காது. பூரணத்துக்கு வறுத்துக் கொரகொரப்பாக இடித்த கடலை இரண்டு கைப்பிடி, வறுத்த எள் ஒரு கரண்டி, வெல்லம் ஒரு சின்ன உருண்டை, சுக்கு, ஏலக்காய், கொஞ்சம் நெய். பிசைந்து அடைத்துவிடலாம். குக்கரில் ஒரு தம்ளர் தண்ணீர், அதன்மேல் கால் வைத்த தட்டு, தட்டில் ஆப்பிள். அழுத்தம் ஏறிய பிறகு நாலு நிமிடம் போதும். அப்புறம் ஆவியை உடனே திறந்துவிடக் கூடாது. அழுத்தம் சட்டென்று இறங்கினால் பழத்துக்குள் இருக்கும் சாறு கொதித்துத் தோலைக் கிழித்துவிடும். பத்து நிமிடம் அப்படியே விட்டால் முழுசாக வரும். வெல்லமும் சர்க்கரைதான். சர்க்கரை நோய் உள்ள வீட்டில் அதை விட்டுவிட்டு ஒரு பேரீச்சம்பழத்தில் பாதி போட்டால் போதும்.

கடலை இடித்தது, அடைத்தது எல்லாம் ஆத்தாதான். குக்கர் பட்டனில் எல்லாம் இங்கிலீஷ் எழுத்து. எதை அமுக்குவது என்று தெரிய, ஆப்பிளில் ஒட்டி வந்த ஸ்டிக்கரை உரித்து ஒரு பட்டன்மேல் ஒட்டிக்கொண்டது. வெந்த ஆப்பிளைக் கரண்டியால் வெட்டி வாயில் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. "இது மாவு பிசையாத கொழுக்கட்டைடா" என்றது. ஒன்று முழுசாகச் சாப்பிட்டது. அடுத்த நாளும் சாப்பிட்டது. அதற்கப்புறம்தான் சோற்றுப் பக்கம் திரும்பியது.

பழம் எங்கிருந்து வருகிறது என்று ஆத்தா கேட்டது. இமயமலைப் பக்கம் என்றேன். அதற்கும் ஒரு கதை உண்டு. சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர் 1904இல் இந்தியா வந்தார். குஷ்டரோகிகளுக்குச் சேவை செய்ய வந்தவர் சிம்லா பக்கம் கோட்கரில் தங்கி, அங்கேயே பெண் எடுத்து, விவசாயம் பார்த்தார். அமெரிக்காவில் இருந்து இனிப்பு ஆப்பிள் கன்று கொண்டுவந்து 1916இல் நட்டார். இன்றைக்கு இமாச்சலத்தின் மலைக் கிராமங்கள் பலவும் அந்தப் பழத்தை நம்பித்தான் பிழைக்கின்றன. சுதந்திரப் போராட்டத்தில் ஜெயிலுக்கும் போனார். ஆப்பிள் மரத்துக்குப் பனிக்காலத்தில் பல நூறு மணி நேரம் கடுங்குளிர் வேண்டும். அப்போதுதான் மொட்டு விழிக்கும். நம்ம புதுக்கோட்டை வெயிலில் அது தூங்கியே கிடக்கும். அதனால் 2,500 கிலோமீட்டருக்கு மேல் லாரியில் வந்துதான் நம் கைக்குக் கிடைக்கிறது. "அவ்வளவு தூரம் வந்ததையா ஆட்டுக்குப் போடச் சொன்னேன்" என்று ஆத்தா சிரித்தது.

தீபாவளிக்கு வந்த தங்கச்சி, ஆத்தா தனியாக அந்தக் குக்கரில் சோறு வைத்துப் பருப்பு வேகவைப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தது. ஊருக்குக் கிளம்பும்வரை சென்னைப் பேச்சை எடுக்கவில்லை. அடுத்த தடவை எடுக்கலாம். வயசு ஏறிக்கொண்டுதானே போகிறது. ஆனால் இப்போதைக்கு, ராத்திரித் தண்ணிக்குப் போகிற எனக்கு வயலில் நிற்கும்போது வீட்டு நினைப்பு அவ்வளவாக அரிப்பதில்லை.

நகரத்தில் இருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஆடியில் விதைத்த எங்க மானாவாரிக் கடலை ஐப்பசியில் வீட்டுக்கு வரும். மலை ஆப்பிளும் அந்த நேரத்தில்தான் புதுசாகக் கடைக்கு வரும். குளிர்கிடங்கில் மாதக்கணக்கில் கிடந்த பழத்தைவிட அது வெந்த பிறகும் உருக்குலையாமல் நிற்கும். வீட்டில் பல் போன பெரியவர்கள் இருந்தால் ஒரு தடவை செய்து கொடுங்கள். கடலையை அவர்களையே இடிக்கச் சொல்லுங்கள்.