விளக்கு யாருக்கு?

ஜனவரி 7, 2024, ஞாயிறு

பெரம்பூரில் அக்கா வீட்டுக் கூடத்தில் கண்ணாடித் தொட்டி வந்து இறங்கிவிட்டது. இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். நிரப்பினால் ஏறக்குறைய 125 லிட்டர் பிடிக்கும். அக்கா மகனுக்கு நன்னீர் மீன் வளர்த்துப் பழக்கம் உண்டு, கடல்நீர் இதுதான் முதல். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டான்: “மாமா, எத்தனை வாட்ஸ் லைட்டு வாங்கட்டும்?”

“எதை வளக்கப் போறே, அதைச் சொல்லு முதல்ல” என்றேன்.

அது தெரியாமல் விளக்குக் கடைக்குப் போகவே கூடாது. மீன் மட்டும் என்றால், நாம் அதைப் பார்ப்பதற்கும், பகல் எது இரவு எது என்று மீனுக்குத் தெரிவதற்கும்தான் வெளிச்சம். இந்தத் தொட்டிக்கு 20 வாட்ஸ் எல்.இ.டி. தாராளம். பவளமோ கடல் சாமந்தியோ வைத்தால் கதையே வேறு. அவற்றின் திசுவுக்குள் சூசாந்தெல்லே என்ற ஒற்றைச் செல் பாசி குடியிருக்கிறது. அது ஒளிச்சேர்க்கை செய்து உண்டாக்கும் உணவில் பெரும்பங்கு பவளத்துக்குத்தான் போகிறது. உடம்புக்குள்ளேயே ஓர் அடுப்படி, வெளிச்சம்தான் விறகு. விறகு குறைந்தால் பட்டினி. வெளிச்சமும் சூடும் ஒருசேர மிஞ்சினால் பவளம் அந்தப் பாசியையே வெளியேற்றி வெளுத்துப்போகும். 1998-இல் மன்னார் வளைகுடா உட்பட உலகம் முழுக்கப் பவளம் வெளுத்தது இப்படித்தான்.

அவன் பட்டியல் சிறியது: இரண்டு க்ளவுன் மீன், ஒரு இறால். “அப்போ சாமந்தி வேணாமா? அதுலதானே க்ளவுன் இருக்கும்?” என்று அக்கா கேட்டாள். கடலில் அது எதிரிகளிடமிருந்து ஒளிய இடம். தொட்டியில் எதிரி இல்லை, சாமந்தி இல்லாமலே க்ளவுன் நன்றாக இருக்கும். சாமந்திக்கோ பலமான விளக்கும், பல மாதம் நிலைப்பட்ட தண்ணீரும் வேண்டும். முதல் தொட்டிக்கு வேண்டாம் என்று மூவரும் முடிவு செய்தோம்.

ஜனவரி 10, புதன்

கொளத்தூர். வண்ணமீன் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில் மாலை முழுக்கச் சுற்றினோம். ஒரு கடையில் இரண்டு விளக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் எரியவிட்டிருந்தார்கள். ஒன்று 6,500 கெல்வின் வெள்ளை, நடுப்பகல் வெயில் மாதிரி. இன்னொன்று 20,000 கெல்வின் என்று எழுதிய கரு நீலம். இவனுக்கு நீலம் ‘டல்’லாகத் தெரிந்தது. எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும். நம் கண் 555 நானோமீட்டர் பக்கம் உள்ள பச்சையைத்தான் அதிகமாக உணரும். 450-இல் உள்ள நீலம் எவ்வளவு பலமாக எரிந்தாலும் மங்கலாகவே படும். கைப்பேசியில் இருக்கும் லக்ஸ் செயலியும் மனிதக் கண்ணுக்காகவே அளப்பது, அதுவும் நீலத்தைக் குறைத்தே காட்டும். பாசிக்கு எவ்வளவு கிடைக்கிறது என்று தெரிய வேண்டுமானால் ‘பார்’ அளவைப் பார்க்க வேண்டும். 400 முதல் 700 நானோமீட்டர் வரை, ஒளிச்சேர்க்கைக்கு உதவும் ஒளித்துகள் எத்தனை வந்து விழுகிறது என்ற கணக்கு அது. உச்சி வெயிலில் கடல் மேற்பரப்பில் ஏறக்குறைய 2,000 இருக்கும்.

நீலம் ஏன் என்று கேட்டான். கடல்நீர் சிவப்பைத்தான் முதலில் விழுங்குகிறது. பத்து மீட்டர் ஆழத்துக்குள் சிவப்பு பெரும்பாலும் போய்விடும், நீலம்தான் கீழே வரை இறங்கும். ஆழத்துப் பவளம் அந்த நீலத்துக்கே பழகியது. நம் தொட்டியில் தண்ணீர் ஒன்றரை அடிதான். பத்து மீட்டர் தண்ணீர் செய்யும் வடிகட்டலை விளக்கே செய்தாக வேண்டும். மீன் மட்டும் வைப்பவனுக்கு இந்தக் கவலை இல்லை.

கடைசியில் வாங்கியது 24 வாட்ஸ். வெள்ளைக்கும் நீலத்துக்கும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் குமிழ் உண்டு. லிட்டருக்கு இத்தனை வாட்ஸ் என்று கடைக்காரர் சொன்ன கணக்கு ட்யூப் லைட் காலத்தது. வாட்ஸ் என்பது விளக்கு குடிக்கும் மின்சாரம். எந்த நிறத்தில், எவ்வளவு, எந்த ஆழம் வரை வெளிச்சம் போகிறது என்பதை அது சொல்லாது. இதை அவரிடமே சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

ஜனவரி 14, ஞாயிறு

தொட்டியைக் கிழக்கு ஜன்னலுக்கு எதிரே வைக்க அக்கா விரும்பினாள். காலை வெயில் நேரே விழும் இடம். வேண்டாம் என்று உள்சுவர்ப் பக்கம் மாற்றினோம். வெயிலைக் கூட்டவும் குறைக்கவும் நம்மால் முடியாது. பாசியும் சூடும் ஒன்றாக ஏறும்.

விளக்கைத் தண்ணீருக்கு ஓர் அடி மேலே தொங்கவிட்டோம். ஒயரை நேராக ப்ளக்குக்குக் கொண்டுபோகாமல், ப்ளக்கைவிடக் கீழே ஒரு வளைவு விட்டுப் பிறகு மேலே ஏற்றினோம். ஒயர் வழியே வழியும் உப்புத்தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், ப்ளக்குக்குப் போகாது. எலெக்ட்ரீஷியனை வரவழைத்து 30 மில்லி ஆம்பியரில் விழும் கசிவுப் பாதுகாப்பு ஸ்விட்ச்சும் போட்டாயிற்று. விளக்கின் விலையில் பேரம் பேசலாம், இதில் பேசக் கூடாது.

பாறை விஷயம். ராமேஸ்வரம் பக்கம் கரை ஒதுங்கும் பவளக்கல்லை யாரோ தருவதாகச் சொன்னார்களாம். தொடவே கூடாது என்றேன். கடினப் பவளங்கள் எல்லாமே 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு கடலுக்குள் மூழ்கியதற்குப் பவளக்கல் வெட்டி எடுத்ததும் ஒரு காரணம். பீங்கானில் செய்த செயற்கைப் பாறை வாங்கி அடுக்கினான். உப்பு கரைத்து, அடர்த்தி 1.025 வரும் வரை அளந்து நிரப்பினோம்.

ஜனவரி 27, சனி

விளக்கு இன்னும் போடவில்லை. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா இப்போது பாறையில் குடியேறிக்கொண்டிருக்கிறது. அதற்கு வெளிச்சம் தேவையில்லை. இந்த நாட்களில் விளக்கு எரித்தால் பாசிக்கு மட்டும்தான் லாபம். காலித் தொட்டி இருட்டில் கிடப்பதைப் பார்க்க அவனுக்குப் பொறுக்கவில்லை. வாரம் ஒருமுறை தண்ணீரைச் சோதித்து எழுதி வை என்றேன்.

பிப்ரவரி 18, ஞாயிறு

அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம். இன்று க்ளவுன் மீன்கள் வந்துவிட்டன. கடலில் பிடித்தவை அல்ல, குஞ்சு பொரிப்பகத்தில் பிறந்தவை. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய மையம் க்ளவுன் மீன் குஞ்சு பொரிக்கும் முறையைப் பல வருஷங்களுக்கு முன்பே கைவசப்படுத்திவிட்டது. கடலில் பிடித்ததை வாங்க இன்று ஒரு நியாயமும் இல்லை.

விளக்கை அணைத்துவிட்டுத்தான் விட்டோம். புது இடம், புதுத் தண்ணீர், தலைக்கு மேல் பளீர் வெளிச்சம் மூன்றும் சேர்ந்தால் மீன் மிரண்டு துள்ளும். மேலே வலை மூடியும் போட்டிருக்கிறது. இன்று முழுக்க இருட்டு. நாளை முதல் ஆறு மணி நேரம், அதுவும் பாதி வெளிச்சத்தில்.

டைமரை மதியம் இரண்டு முதல் இரவு எட்டு வரை வைத்தான். வீட்டில் ஆள் இருக்கும் நேரம் அது. வெளியே சூரியன் எப்போது உதிக்கிறது என்பது மீனுக்கு முக்கியமில்லை. நேரம் தினமும் மாறாமல் இருப்பதுதான் முக்கியம்.

பிப்ரவரி 21, புதன்

இரவு சாப்பிட்டுவிட்டு அங்கேயே தங்கினேன். எட்டு மணிக்குத் தொட்டி விளக்கு அணைந்தது, கூடத்து விளக்கு இன்னும் அரை மணி எரிந்தது. இந்த வரிசை வேண்டும் என்று சொல்லியிருந்தேன். சட்டென்று கும்மிருட்டானால் மீன் கண்ணாடியில் போய் மோதும். ஒன்பதரைக்குப் போய்ப் பார்த்தபோது இரண்டும் மேல் மூலையில், உடம்பு ஒருபக்கம் லேசாகச் சாய்ந்து, பக்கத்துடுப்பு மட்டும் மெதுவாக அசைய நின்றன. பயந்துபோய்க் கேட்டான் பையன்: “செத்துப்போச்சா மாமா?” தூங்குகிறது. க்ளவுன் தூங்குவது இப்படித்தான்.

ராத்திரி முழுக்க எரியும் நீல ‘நிலா விளக்கு’ வாங்கலாமா என்றான். வேண்டாம். மீனுக்கு இரவு இரவாக இருக்கட்டும்.

மார்ச் 3, ஞாயிறு

மணல் மேல் பழுப்புப் படலம். விரலால் தொட்டால் மாவுபோல ஒட்டிக்கொண்டு வருகிறது. டயட்டம் பாசி. புதுத் தொட்டி எல்லாவற்றிலும் வரும். புது மணலிலிருந்தும், குழாய்த் தண்ணீர் ஊற்றினால் அதிலிருந்தும் கரையும் சிலிகேட்தான் அதற்கு உணவு. உணவு தீர்ந்ததும் தானே போய்விடும். விளக்கைக் குறைத்து மட்டும் இதைப் போக்க முடியாது. கூட்டினால் அடுத்துப் பச்சை நூல்பாசி வந்து பாறையைப் பிடித்துக்கொள்ளும். விளக்கு இருக்கிறபடியே இருக்கட்டும், ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் ஊற்று, தீனியைக் குறை என்றேன்.

மார்ச் 17, ஞாயிறு

வெயில் தொடங்கிவிட்டது. மதியம் தொட்டித் தண்ணீர் 29 டிகிரி. 26-இல் நின்றால் நல்லது. விளக்கு நேரத்தை மாலை நான்கு முதல் இரவு பத்துக்குத் தள்ளினோம். கூடம் கொதிக்கும் வேளையில் விளக்கின் சூடும் சேர வேண்டாம். ஒரு சிறு மின்விசிறி தண்ணீர்ப் பரப்பின் மேல் வீசுகிறது. ஆவியாகும் தண்ணீருக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், உப்பு உள்ளேயே தங்கிவிடுகிறது. கோடை முற்றினால் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் முடியாது என்று இப்போதே சொல்லிவைத்தேன்.

டைமர் நாற்பது நிமிஷம் பின்தங்கியிருந்தது. சக்கரம் சுற்றும் வகை, கரண்ட் போனால் நின்றுவிடும். பேட்டரி உள்ள டைமராக மாற்றச் சொன்னேன். விளக்கின் மூடியில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. ஈரத்துணியால் துடைத்ததும் தொட்டியே ஒரு படி பளிச்சென்றாகிவிட்டது. மாதம் முழுக்க அந்த உப்பு வெளிச்சத்தில் ஒரு பங்கை விழுங்கியிருக்கிறது.

அக்கா கரண்ட் பில்லைப் பற்றிக் கேட்டாள். 24 வாட்ஸ், தினம் ஆறு மணி நேரம், இரண்டு மாதத்துக்கு ஒன்பது யூனிட்டுக்குள். பழைய 150 வாட்ஸ் மெட்டல் ஹாலைடாக இருந்தால் 54 யூனிட், சூடு வேறு.

மார்ச் 31, ஞாயிறு

பழுப்புப் படலம் போய்விட்டது. மணல் வெள்ளையாக இருக்கிறது. இப்போது அவனுக்குப் பவளத்தின் மேல் ஆசை. கடினப் பவளம் சட்டப்படியே கூடாது. பவளத்தின் உறவான காளான் பாலிப் அந்த அட்டவணையில் இல்லை. எங்கிருந்து வந்தது என்று கடைக்காரர் தெளிவாகச் சொன்னால் மட்டும் வாங்கலாம். அதற்கு 50 முதல் 100 வரை பார் போதும்.

தெரிந்தவரிடம் பார் மீட்டர் இரவல் வாங்கி வந்திருந்தேன். இரண்டு நிறமும் முழுக்க எரிய, விளக்குக்கு நேர் கீழே மேல்பாறையில் 140, நடுப்பாறையில் 80, மணலில் 45, மூலையில் 20. ஒரே விளக்கு, ஒரே தொட்டி, ஏழு மடங்கு வித்தியாசம். இதைத் தாளில் தொட்டியாக வரைந்து எண்களைக் குறித்துக்கொண்டான். காளான் பாலிப்பின் இடம் நடுப்பாறை. அதற்கு முன் வெளிச்சத்தைப் பாதியிலிருந்து வாரத்துக்குப் பத்து சதவீதமாக ஏற்ற வேண்டும், நேரத்தை எட்டு மணியாக்க வேண்டும். முழு அளவு வர ஐந்து வாரம். அதுவரை பாலிப் கடையிலேயே இருக்கட்டும்.

“வேற பெரிய லைட்டு வாங்க வேணாமா மாமா?” என்று கேட்டான். வேண்டாம். இந்த உயிருக்கு இது போதும். வேறு உயிர் வேண்டுமென்று தோன்றும் நாளில், அதன் தேவையை முதலில் படித்துவிட்டு, பிறகு விளக்கைப் பற்றிப் பேசலாம்.